உபகரணம் எங்கே கிடைக்கும், பழுதானால் எங்கே போவது? மாற்றுத்திறனாளிகளுக்கான ஐந்து வழிகள்

சக்கர நாற்காலியோ காலிப்பரோ (பலவீனமான காலைத் தாங்க மாட்டும் சட்டம்) வேண்டும் என்று கேட்டால், "முகாம் போடுவாங்க, போய்ப் பாருங்க" என்பதுதான் நம் ஊரில் முதலில் வரும் பதில். அந்த முகாம் பெரும்பாலும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் ஒன்றிய அரசின் ஏடிஐபி திட்டத்தில் நடப்பது. 1981 முதல் இருக்கும் திட்டம் இது. கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோ கருவிகளைச் செய்து தருகிறது. 40 சதவீத ஊனச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இருக்க வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழுக்க இலவசம், 30,000 வரை பாதி விலை. ஒரு முகாமில் பரிசோதித்து எழுதிக்கொள்வார்கள். கருவி கைக்கு வருவது பின்னர் நடக்கும் இன்னொரு முகாமில்.

வெள்ளைக் கைத்தடி, ஊன்றுகோல் போன்றவற்றுக்கு இது போதும். கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கும் சரிதான். பஞ்சர் ஆனாலும் செயின் அறுந்தாலும் உள்ளூர் சைக்கிள் கடையிலேயே பார்த்துவிடலாம்.

சக்கர நாற்காலி அப்படியல்ல. இருக்கை அகலமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும், கை சக்கரத்தை எட்டாது. கால்மிதி தாழ்வாக இருந்தால் இடுப்பு முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். தண்டுவடம் அடிபட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. மெத்தை இல்லாமல் வெறும் ரெக்சினில் நாள் முழுக்க உட்கார்ந்தால் வலி தெரியாமலே புண் வந்துவிடும், ஆற மாதக்கணக்கில் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி எட்டுப் படிகளைச் சொல்கிறது. அளவெடுப்பது, உட்கார வைத்துப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பழுது பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. கூட்டம் நிறைந்த முகாமில் கடைசி இரண்டுக்கும் நேரமே இருக்காது. அதே கருவியை மறுபடி கேட்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் (12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓராண்டு) என்பதால், பொருந்தாத நாற்காலி வீட்டில் மூலையில் கிடக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

மாநில அரசின் வழி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். இங்கே தைரியமாகக் கேட்க வேண்டியது, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். வேலைக்குப் போகிறவருக்கு, படிக்கிறவருக்கு அது வாழ்க்கையையே மாற்றும். ஆனால் மனு கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் நடக்காது, போய் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கால் இழந்தவர் என்றால் நான் ஜெய்ப்பூரைத்தான் சொல்வேன். 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியில் ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் கால் இலவசம். முன்பதிவு தேவையில்லை, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. அளவெடுத்து, பொருத்தி, நடக்க வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ரப்பர் பாதம் என்பதால் குத்துக்காலிட்டு உட்காரலாம், செருப்பில்லாமல் சேற்று வயலில் இறங்கலாம். விவசாய வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வெட்டிய கால் நாளாக ஆகச் சுருங்கும், அதைச் செருகும் கூடான சாக்கெட் தளர்ந்து ஆடும், மாற்றியாக வேண்டும். அதற்கு மறுபடி ராஜஸ்தான் வரை போவது எல்லோராலும் ஆகாது. கிளம்பும் முன்பே, பக்கத்தில் எந்த மையத்தில் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் என் தேர்வு தென்காசி பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. கிராமத்துப் பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், அம்மாவுக்கும் சொல்லித் தருகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு இது மிக முக்கியம். வளர்கிற பிள்ளையின் காலிப்பர் சீக்கிரமே சின்னதாகிவிடும். அம்மா பார்த்துச் சொல்வதற்குள் தோல் உரிந்திருக்கும். வழக்கமாக வந்து போகிறவர் இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார். குறை என்றால், இந்த அளவு கவனிப்பு அவர்கள் வேலை செய்யும் பகுதிகளில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். மற்ற மாவட்டக்காரர்கள் தங்கள் ஊரில் இப்படி வீட்டுக்கு வரும் அமைப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கையில் கொஞ்சம் பணமோ, உதவ முன்வரும் ஒரு நிறுவனமோ இருந்தால், சென்னை ஐஐடியில் உருவான நியோஃப்ளை நாற்காலியையும் கணக்கில் எடுக்கலாம். ஒருவருடைய உடம்புக்கு ஏற்றபடி 18 விதங்களில் மாற்றிச் செய்கிறார்கள். 2021இல் அறிமுகமானபோது விலை 39,900 ரூபாய். அதோடு மாட்டி ரோட்டில் ஓட்டும் மோட்டார் இணைப்பான நியோபோல்ட்டுக்குத் தனியாக 55,000. விலை அதிகம்தான். எதற்கும் பணம் கட்டும் முன், சென்னைக் கடற்கரைச் சாலையில் மாநில அரசும் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2022இல் திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பலவகை உதவிக் கருவிகளை அங்கே நேரில் பார்த்து, தொட்டு, பயன்படுத்திப் பார்க்கலாம். எது தேவை என்று தெரிந்துகொண்டு மனு எழுதினால், அலுவலகத்தில் கேட்பதும் சுலபமாக இருக்கும்.