சாதாவா, ஸ்பீடா? விலை ஏறிய நாட்களில் இரண்டையும் போட்டுப் பார்த்த கணக்கு

"அண்ணா, ஸ்பீடு போடட்டுங்களா?"

கோயம்புத்தூரில் எந்தப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாலும் இந்தக் கேள்வி வரும். பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீடு, இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, ஹெச்பியில் பவர்95. பெயர் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான், எல்லாமே பிரீமியம் பெட்ரோல், சாதா பெட்ரோலை விட லிட்டருக்கு ஆறேழு ரூபாய் அதிகம். பெட்ரோல் விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் வீட்டிலும் ஆபீஸிலும் இந்த வாதம் கிளம்பும். ஒருத்தர் "இந்த விலைக்கு சாதா போடுவதே பெரிசு" என்பார், இன்னொருத்தர் "பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடும், கடைசியில் அதுதான் லாபம்" என்பார். இரண்டாவது ஆள் சொல்வது உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை, 2022-ல்தான் அதற்கு நேரம் வந்தது.

அந்த வருஷம் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 6 வரை பதினாறு நாளில் பதினான்கு தடவை விலை ஏறியது ஞாபகம் இருக்கும். சென்னையில் 101.40-ல் இருந்த பெட்ரோல் 110.85-க்குப் போனது, எங்கள் ஊரில் அதைவிடக் கொஞ்சம் கூட. தினமும் காலையில் பேப்பரில் முதலில் தேடியது அந்த விலையைத்தான். என்னிடம் இருப்பது ஒரு ஆக்டிவா, ஆபீஸ் போக வர, பிள்ளையை டியூஷனில் விட என்று மாதம் எண்ணூறு கிலோமீட்டர் ஓடும். ஒரு ஸ்விஃப்ட் காரும் உண்டு, அது ஊருக்குப் போகவும் மழை நாளுக்கும். விலை ஏறிய அந்த வாரத்திலேயே ஆக்டிவாவில் சோதனையை ஆரம்பித்தேன். நாலு டேங்க் சாதா, நாலு டேங்க் பிரீமியம், ஒரே பங்கு, ஒரே குழாய் மெஷின், குழாய் தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்புவது, அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. டயரில் காற்று வாராவாரம் ஒரே அளவு. ஓட்டிய கிலோமீட்டரையும் அடித்த லிட்டரையும் நோட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் ஏழு வாரம் ஆனது, கடைசி டேங்க் முடிவதற்குள் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்து விலையும் இறங்கிவிட்டது. ஆனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதற்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லை, அதனால் நிறுத்தவில்லை.

சாதாவில் கிடைத்தது 46.8, 45.9, 47.1, 46.2. சராசரி 46.5. பிரீமியத்தில் 47.3, 46.4, 46.0, 47.5. சராசரி 46.8. சாதாவிலேயே ஒரு டேங்குக்கும் அடுத்த டேங்குக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும்போது, சராசரியில் வந்த இந்த 0.3 ஒரு கணக்கே இல்லை, அவினாசி ரோட்டில் இரண்டு சிக்னல் பச்சையாகக் கிடைத்தாலே அவ்வளவு வரும். லிட்டர் 111-க்கும் 117-க்கும் வைத்துப் பார்த்தால், சாதாவில் ஒரு கிலோமீட்டருக்கு 2.39 ரூபாய், பிரீமியத்தில் 2.50 ரூபாய். பிரீமியம் தன் விலையைத் தானே ஈடுகட்ட வேண்டுமென்றால் என் ஆக்டிவா லிட்டருக்கு 49 கொடுத்திருக்க வேண்டும். ஒரு டேங்கில்கூட அதை எட்டவில்லை. பிக்கப் கூடியதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை, என் மனைவி அதே வண்டியைத்தான் ஓட்டுகிறாள், எந்த வாரம் எது இருந்தது என்று சொல்லாமலே கொடுத்தேன், அவளுக்கும் தெரியவில்லை.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆக்டேன் என்றால் பெட்ரோலில் இருக்கும் சத்து, அதாவது பாலில் கொழுப்பு மாதிரி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது இல்லை. ஆக்டேன் எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான், பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் நெருக்கப்படும்போது, ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது. தாக்குப்பிடிக்காமல் முன்கூட்டியே பற்றினால் இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் வரும், மெக்கானிக்குகள் "இன்ஜின் தட்டுது" என்பார்களே, அதுதான் நாக்கிங். அதிக நெருக்கம் உள்ள இன்ஜினுக்கும் டர்போ இன்ஜினுக்கும் அதிக ஆக்டேன் வேண்டும். நெருக்கம் குறைந்த இன்ஜினில் 91 (2022-ல் சாதாவின் ஆக்டேன்) போதும் என்றால் 95 (பிரீமியம்) போட்டு அது செய்ய ஒரு வேலையும் இல்லை. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கும் எண் இது, சக்தியை அளக்கும் எண் இல்லை. நியூஜெர்ஸியில் இருக்கும் என் சித்தப்பா மகன் "நாங்கள் 87 தானே போடுகிறோம், இந்தியாவில் 91 கொடுக்கிறார்களா" என்று ஆச்சரியப்பட்டான். அங்கே அளக்கும் முறை வேறு, அவர்களின் 87-ம் நம்முடைய 91-ம் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியென்றால் பிரீமியம் யாருக்கும் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். என் மச்சானிடம் 2018 மாடல் கேடிஎம் டியூக் 390 இருக்கிறது, அதன் நெருக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, பன்னிரண்டரைக்கு மேல். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு அது வெறும் ஒன்பதரை. அதே 2022 மே மாதம், நல்ல வெயிலில், பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினான். நாற்பது கொண்டை ஊசி வளைவு. சாதா பெட்ரோல். ஒவ்வொரு வளைவிலும் கியர் குறைக்காமல் முறுக்கினால் அந்தத் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. திரும்ப அடுத்த மாதம் போனபோது பிரீமியம் போட்டிருந்தான், அதே வளைவுகள், அதே ஆட்கள், சத்தம் ஏறக்குறைய இல்லை. இது வெறும் மனப்பிரமை இல்லை, இன்ஜினுக்கு நிஜமாகவே தேவைப்பட்ட பொருள் கிடைத்தது. இந்தத் தட்டலைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் உள்ள கார்களில் சத்தம்கூட வராது, கம்ப்யூட்டரே ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப் போட்டு இன்ஜினைக் காப்பாற்றிவிடும், பதிலுக்கு இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அந்த மாதிரி வண்டிக்கு கம்பெனிக்காரனே 95 கேட்டிருந்தால், விலை 100 ஆனாலும் 110 ஆனாலும் அதைப் போடுங்கள், அந்த ஏழு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்தையும் வண்டியோடு வந்த புத்தகத்தையும் பாருங்கள். என் ஸ்விஃப்ட் புத்தகத்தைப் பார்த்தேன், அது 91-க்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பிரீமியத்தில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது, சுத்தம் செய்யும் ரசாயனங்கள். இன்ஜெக்டரிலும் வால்விலும் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும் என்பது உண்மையான பயன்தான், விளம்பரத்துக்காகச் சொல்வது மட்டும் இல்லை. ஆனால் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை, அதனால் அங்கே அந்த வால்வைக் கழுவவும் வழியில்லை. என் ஸ்விஃப்ட் எழுபதாயிரம் கிலோமீட்டர் முழுக்க சாதாவிலேயே ஓடியது, போன சர்வீஸில் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன், மெக்கானிக் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினார், வேறொன்றும் தேவைப்படவில்லை. ஒரு காரின் கதைதான் இது, ஆனால் என் பணத்தை முடிவு செய்ய எனக்கு அது போதும். மாதம் நாற்பது லிட்டர், லிட்டருக்கு ஏழு ரூபாய் என்றால் 280, வருஷத்துக்கு 3,360. அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் புதிதாக மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடலாம், பிளக்கும் அலைன்மென்ட்டும் கெட்டிருந்தால் அது மைலேஜில் தெரியும்.

அந்த ஏழு ரூபாயில் ஒரு பங்கு வரி என்பதும் பலருக்குத் தெரியாது. 2021 பட்ஜெட்டில் அடிப்படைக் கலால் வரி சாதாவுக்கு லிட்டருக்கு 1.40 ரூபாய், பிராண்ட் பெயரில் விற்கும் பெட்ரோலுக்கு 2.60 ரூபாய். எண்ணெயின் தரத்தோடு சம்பந்தமே இல்லாமல் அங்கேயே 1.20 போய்விடுகிறது.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பித்தேன். 2022-ல் நான் சோதித்த சாதா 91 ஆக்டேன், அதில் எத்தனால், அதாவது கரும்பிலும் தானியத்திலும் எடுக்கும் எரிசாராயம், பத்து சதவீதத்துக்குப் பக்கம். இன்று சாதா குழாயில் வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு ஆக்டேன் எண் நூறுக்கு மேல், அதனால் கலவையின் ஆக்டேனும் ஏறுகிறது. இ20 பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. அப்போது யோசித்துப் பாருங்கள், சாதாவே 95 என்றால், 95 என்ற எண்ணைப் பெயரிலேயே வைத்திருக்கும் பெட்ரோலுக்கு ஏழு ரூபாய் அதிகம் கொடுத்து நாம் வாங்குவது அந்த சுத்தம் செய்யும் ரசாயனத்தை மட்டும்தான். ஆக்டேனுக்காக பிரீமியம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காரணம் ஏறக்குறைய போய்விட்டது.

"எத்தனாலிலிருந்து தப்பிக்க பிரீமியம் போடுகிறேன்" என்று சொல்பவர்களையும் பார்க்கிறேன். அவர்களுடைய கவலை நியாயமானது. எத்தனாலில் பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, பழைய கார்களில் ஆறேழு சதவீதமும் பைக்குகளில் மூன்று நாலு சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதியிருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர் பற்றிய பயமும் இருக்கிறது. ஆனால் நான் போகும் பங்குகளில் பிரீமியம் குழாயிலும் இ20 என்றுதான் ஒட்டியிருக்கிறது. போடும் முன் அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள், எத்தனாலுக்குப் பயந்து ஏழு ரூபாய் அதிகம் கொடுத்து அதே எத்தனாலை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி100 என்று 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்று 2020 டிசம்பரில் வந்தது, டெல்லியில் அறிமுக விலையே லிட்டர் 160 ரூபாய், அதுவும் பெரிய நகரங்களில் சில பங்குகளில்தான். பென்ஸோ பெரிய பைக்கோ வைத்திருப்பவர்களுக்கான பொருள், ஆக்டிவாக்காரர் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

பங்கு சேவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், விலை ஏறும் நாட்களில் இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைத்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்கில், கேட்காமலே பிரீமியம் குழாயை எடுத்து வைத்துவிட்டார்கள். நான் பர்ஸை எடுக்கத் திரும்பிய நேரம். பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "சாதா தீர்ந்து போச்சுங்க" என்று ஒரு பதில், பக்கத்துக் குழாயில் அதே நேரம் ஒரு ஆட்டோக்காரர் சாதா அடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு அங்கே வேலை பார்த்த பையன் தனியாகச் சொன்னான், ஒரு நாளைக்கு இவ்வளவு பிரீமியம் விற்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நூறு ரூபாய்க்கு எண்ணி எண்ணிப் பெட்ரோல் போடும் டெலிவரி பையன்களுக்கு இப்படிச் செய்வது அநியாயம், அவர்களுக்கு அந்த நூறு ரூபாயில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்விடுகிறது.

அதனால் இப்போது வண்டியை விட்டு இறங்கி, மூடியைத் திறக்கும் முன்பே "சாதா" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பூஜ்யத்தைப் பார்க்கச் சொல்வார்கள், அதோடு லிட்டர் விலை என்று காட்டும் எண்ணையும் பார்க்கிறேன், குழாய் எதுவென்று அதுதான் காட்டிக்கொடுக்கும். அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, 25 மில்லி வரைதான் கூடக் குறைய இருக்கலாம். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், முகம் சுளித்தார்கள், ஆனால் பிடித்துக் காட்டினார்கள், அளவு சரியாக இருந்தது.

மச்சான் போன டிசம்பரில் திரும்ப வால்பாறை போனான், இந்தத் தடவை நானும் கூட. ஆழியாறு தாண்டும் முன் பொள்ளாச்சியில் பெட்ரோல் போட்டபோது, சாதா போட்டுப் பார், தட்டினால் அடுத்த டேங்க் பிரீமியம் போட்டுக்கொள் என்று நான்தான் சொன்னேன். டிசம்பர் குளிர், மே மாத வெயில் இல்லை, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியும் நாற்பது வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தட்டவில்லை. மைலேஜ் மட்டும் முன்பை விட லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. வருகிற மே மாதம் அதே சாதாவோடு இன்னொரு தடவை ஏறுவதாக இருக்கிறோம்.