ஒரே மேசையில் எல்லாப் பேரமும், அல்லது ஒவ்வொன்றும் தனித்தனியே: டர்பனில் கார் வாங்க எது மேல்?

2019-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் கார் வாங்கப் போனபோது விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி: "மாசம் எவ்வளவு கட்ட முடியும், அங்கிள்?" ஐயாயிரம் ரேண்ட் என்றேன். அரை மணி நேரத்தில் 4,822 என்று போட்டு ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். நான் சொன்னதைவிடக் குறைவு. கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கி, கோயிலுக்கு ஓட்டிப்போய் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, நிறைந்த மனதோடு சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

தாளில் இருந்த மற்ற எண்களை அன்று நான் படிக்கவில்லை. கடன் 300,000 ரேண்ட், வட்டி 11 சதவீதம், 72 மாதம். கடைசி மாதம் 'பலூன்' என்ற பெயரில் 90,000 மொத்தமாகக் கட்ட வேண்டும். பலூன் இல்லாமல் போட்டிருந்தால் தவணை 5,710 வந்திருக்கும். ஆறு வருடத்தில் மொத்தம் 411,000 சொச்சத்தோடு முடிந்திருக்கும். பலூனோடு நான் கட்டியது 437,000. இருபத்தாறாயிரம் அதிகம். அந்த 300,000-க்குள்ளேயே நான் கேட்காத கீறல் பழுதுக் காப்பீடு, டயர்-ரிம் காப்பீடு, பெயின்ட் பூச்சு எல்லாம் ஏறியிருந்தன. 2025-இல் அந்தத் தொண்ணூறாயிரத்துக்காக மறுபடி கடன் வாங்கினேன்.

அதனால் அக்கா மகள் தன் முதல் காரை வாங்கக் கிளம்பியபோது, இந்த முறை வேறு வழியில் போவோம் என்றேன். அவள் நர்ஸ். இரவுப் பணி முடிந்து விடிகாலையில் மினிபஸ் டாக்சிக்குக் காத்து நிற்பது போதும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. என் வழியையும் அவள் வழியையும் பக்கத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு கார் வாங்கும்போது உண்மையில் நான்கு பேரம் நடக்கிறது: காரின் விலை, பழைய காருக்குக் கொடுக்கும் டிரேட்-இன் விலை, கடனின் வட்டி, கூடுதல் சாமான்கள். ஷோரூமில் இந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்து, 'மாதத் தவணை' என்ற ஒரே எண்ணாகக் குழைத்துத் தருவார்கள். ஒன்றில் விட்டுக்கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ள அது வசதி. வேலை சீக்கிரம் முடியும், அலைச்சல் இல்லை. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கே எவ்வளவு போனது என்று வாங்குபவருக்குத் தெரியாது.

தெரிந்தவர் கடையா, மின்னஞ்சலா?

கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவரின் மைத்துனர் டர்பனில் ஒரு ஷோரூமில் வேலை செய்கிறார். முதலில் அங்கேதான் போனோம். நல்ல மனிதர். டீ கொடுத்தார், காரை ஓட்டிப் பார்க்கவிட்டார். 289,900 ரேண்ட் விலையில் ஒரு ஹேட்ச்பேக். கொட்டேஷனில் அதற்குக் கீழே 'ஆன் தி ரோடு' கட்டணம், அதாவது காரைப் பதிவு செய்து ரோட்டில் இறக்க ஆகும் செலவு, 6,500. டிராக்கர், கண்ணாடியை உடைத்துத் திருடுவதைத் தடுக்க ஒட்டும் ஸ்மாஷ் அண்ட் கிராப் படலம், பெயின்ட் பூச்சு மூன்றும் சேர்த்து 11,800. ஆக 308,200. "நம்ம பிள்ளைங்கிறதால படலத்துல பாதி விலை போட்டிருக்கேன், அங்கிள்" என்றார்.

தெரிந்தவர் கடையில் இருக்கும் சிக்கல் இதுதான்: எழுந்து வர முடியாது. பேரத்தில் வாங்குபவரின் ஒரே பலம் எழுந்து வெளியே போவது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பலம் போய்விடுகிறது. தெரிந்தவரிடம் போவதில் லாபமும் உண்டு. வாங்கிய பிறகு ஏதாவது கோளாறு என்றால் அவர் போனை எடுப்பார். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. ஆனால் பத்தொன்பதாயிரம் அதற்கு அதிகம்.

பத்தொன்பதாயிரம் என்று எப்படிச் சொல்கிறேன்? மறுநாளே அவள் டர்பன், பைன்டவுன், உம்ஷ்லாங்கா, பாலிட்டோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று ஐந்து ஷோரூம்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினாள். மாடல் இது, வேரியன்ட் இது, நிறம் மட்டும் எதுவானாலும் சரி. வாட் வரி 15 சதவீதமும் சேர்த்து, கார் ரோட்டில் இறங்கும் வரை ஆகும் மொத்தத் தொகை வேண்டும், ஒவ்வொரு கட்டணமும் தனி வரியில் இருக்க வேண்டும், டிரேட்-இன் இல்லை, கடனைப் பற்றி இப்போது பேச்சில்லை. அவ்வளவுதான். இரண்டு கடைகள் நேரில் வரச் சொல்லிப் போன் செய்தன, எழுத்தில் எதுவும் தரவில்லை. மூன்று கடைகள் எழுதின. பைன்டவுன்காரர் தந்தது 284,900, அதோடு பதிவு, லைசென்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து 4,200. ஆக 289,100. அதே கார். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் செய்து டர்பன் துறைமுகத்தில் இறங்குகிற அதே ஹூண்டாய் கிராண்ட் ஐ10.

முதல் கடையின் பட்டியல் விலையோடு ஒப்பிட்டால் 5,000தான் குறைந்தது. புதிய சின்னக் காரில் கடைக்காரருக்கே லாபம் மெல்லியது. அடித்துப் பேசினாலும் அதற்கு மேல் அதிகம் இறங்காது. பணம் ஒளிந்திருப்பது கட்டணங்களிலும் கூடுதல் சாமான்களிலும். விலையில் இருபதாயிரம் குறையுங்கள் என்று சண்டை போடுவதைவிட, "இந்த வரி எதற்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பது பலன் தருகிறது. பதிவுக் கட்டணமும் நம்பர் பிளேட்டும் நியாயம். 'ஹேண்ட்லிங்', 'அட்மின்' என்றெல்லாம் எழுதியிருந்தால் என்ன வேலைக்கு என்று கேட்க வேண்டும். சர்வீஸ் செலவை முன்கூட்டியே கட்டிவிடும் சர்வீஸ் பிளானும் அப்படித்தான். வாகனத் துறைக்குத் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் தந்த வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அவற்றின்படி சர்வீஸ் பிளானின் விலையைக் காரின் விலையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

புதியதா, டெமோவா, இரண்டு வருடப் பழசா?

பைன்டவுன்காரரிடமே அதே மாடலில் ஒரு டெமோ, அதாவது வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்கக் கடை வைத்திருக்கும் கார், இருந்தது. 3,800 கிலோமீட்டர் ஓடியது, பதிவாகி ஏழு மாதம். கேட்ட விலை 259,900. இங்கேதான் பேரத்துக்கு இடம் இருந்தது. டெமோ கடையில் நிற்க நிற்க அவர்களுக்குச் செலவு. நமக்கும் சொல்ல நியாயம் இருக்கிறது: முதல் பதிவு நாளிலிருந்தே வாரண்டியும் சர்வீஸ் பிளானும் ஓடத் தொடங்கிவிட்டன, ஏழு மாதம் போய்விட்டது; நாளை விற்கும்போது வாங்குபவர் கண்ணுக்கு இவள் இரண்டாவது உரிமையாளர். இதை மட்டும் சொல்லி, எல்லாக் கட்டணமும் சேர்த்து 250,000 என்று அவள் எழுதினாள். இரண்டு நாள் கழித்து 252,000-இல் நின்றது. புதியதைவிட முப்பத்தேழாயிரம் குறைவு.

டிசம்பர் கடைசியில் யாராவது புதிய கார் வாங்கப் போனால் ஒன்று கவனிக்கவும். பழைய கார் விலைக் கணக்கு முதல் பதிவான வருடத்தை வைத்து ஓடுகிறது. டிசம்பர் 28-இல் பதிவான கார் நான்கு நாளில் போன வருடத்து வண்டி. அதற்கேற்ற குறைப்பு கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் ஜனவரி வரை பொறுக்கலாம்.

மூன்றாவது வழி, பெரிய கிடங்குபோல் நூற்றுக்கணக்கான கார்களை நிறுத்தி வைத்திருக்கும் பழைய கார்க் கடை. இரண்டு வருடப் பழசு, 38,000 கிலோமீட்டர், 214,900. அங்கே பேரமே கிடையாது, ஒட்டியிருப்பதுதான் விலை. பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. என் அக்காவுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் நான்கு டயரும் தேய்ந்திருந்தன, வாரண்டியில் இரண்டு வருடம் போயிருந்தது, கடன் வட்டியும் அதிகம். கையில் முழுப் பணம் இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். ஐந்து வருடக் கடனில் வாங்குகிறவளுக்கு, கடன் முடியும்போது ஏழு வருட வண்டி கையில் இருக்கும்.

பழைய காரைக் கடையில் வாங்கினால் சட்டம் துணைக்கு வருகிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுது பார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். 'ஃபுட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ரோட்வொர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது பிரேக், விளக்கு, டயர்போல ரோட்டுப் பாதுகாப்பைப் பார்ப்பது. எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று அது சொல்லாது.

பழைய காரை அதே கடையில் கொடுக்கலாமா?

அக்கா வீட்டில் 2012 மாடல் போலோ விவோ ஒன்று நின்றது. அதைப் பற்றி முதலில் வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். டெமோவின் விலை எழுத்தில் வந்த பிறகு கேட்டோம்: 48,000 தருவதாகச் சொன்னார்கள். பழைய கார்களை நேரடியாக வாங்கும் ஒரு நிறுவனத்தில் 56,000. முகநூல் மார்க்கெட்பிளேசில் ஒருவர் 63,000 தருகிறேன் என்றார்.

63,000-ஐ ஏன் விட்டோம்? முன்பின் தெரியாதவரை வீட்டு வாசலுக்கு வரவழைக்க வேண்டும், காரில் அவரோடு ஏற வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாகப் போலிக் குறுஞ்செய்தி காட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போன கதைகள் இங்கே எல்லாத் தெருவிலும் உண்டு. காவல் நிலைய வாசலிலோ வங்கியிலோ சந்தித்து, பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவி என்று உறுதியாக நிற்கக்கூடியவர்கள் விற்கலாம். எங்களுக்கு ஏழாயிரத்துக்கு அந்தப் பதற்றம் வேண்டாம் என்று தோன்றியது.

56,000 சீட்டைக் காட்டியதும் பைன்டவுன்காரர், "சரி, நானும் 56 போடுறேன், ஆனா கார் 257-க்குப் போகும்" என்றார். ஒரே மேசை என்று நான் சொன்னது இதைத்தான். டிரேட்-இன்னில் எட்டாயிரம் ஏறி, விலையில் ஐயாயிரம் திரும்பிவிடும். நாங்கள் விவோவை வெளியே கொடுத்துவிட்டு, அந்த 56,000-ஐ டெபாசிட்டாகக் கொண்டுவந்தோம்.

கடன்

அவளுக்கு 196,000 தேவை, 60 மாதம், பலூன் கிடையாது. ஷோரூமின் நிதிப் பிரிவு முதலில் கொண்டுவந்தது 13 சதவீதம்: தவணை 4,460. அவள் சம்பளம் விழும் வங்கியில் தானே விண்ணப்பித்தாள், 11 சதவீதம்: 4,262. மாதத்துக்கு இருநூறுதானே என்று தோன்றும். ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 11,900 ரேண்ட். கடன் ஏற்பாடு செய்து தருவதற்கு ஷோரூமுக்கு வங்கியிலிருந்து கமிஷன் உண்டு. தவறொன்றும் இல்லை, அது அவர்கள் தொழில். வங்கிச் சீட்டைக் காட்டியதும் அவர்களும் 11-க்கு இறங்கினார்கள். கையில் இன்னொரு சீட்டு இல்லாதவருக்கு அந்த இறக்கம் கிடைத்திருக்காது.

இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான், தெரிந்து வைத்திருப்பது நல்லது. வங்கி தரும் கொட்டேஷன் ஐந்து வேலை நாள் செல்லும். "இன்னிக்கே போட்டாத்தான் இந்த வட்டி" என்று யாராவது சொன்னால் தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கடன் தொடக்கக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வாட் சேர்த்து 1,207.50, மாதச் சேவைக் கட்டணத்துக்கு 69. காப்பீடு கட்டாயம் என்று வங்கி சொல்லலாம், ஆனால் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது நம் விருப்பம். கடன் 250,000-க்குக் கீழே இருந்தால் முன்கூட்டியே அடைத்து முடிக்க அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது அவள் அதைப் பயன்படுத்தப் போகிறாள்.

முக்கியமான இன்னொன்று: ஷோரூமுக்கு நாமே நடந்து போய்க் கையெழுத்துப் போட்ட 'ஆஃபர் டு பர்ச்சேஸ்', அதாவது இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் தாளுக்கு, மனம் மாறித் திரும்பப் பெறும் ஐந்து நாள் அவகாசம் கிடையாது. அந்த அவகாசம் அவர்களாகத் தேடி வந்து விற்றால் மட்டும்தான். 2019-இல் நான் மறுநாளே போய்க் கேட்டபோது இதைத்தான் சொன்னார்கள். கையெழுத்துக்குப் பிறகு உண்மையிலேயே அநியாயம் நடந்தால் மோட்டார் தொழிலுக்கான குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், நமக்குச் செலவில்லை. ஆனால் சம்மதித்துப் போட்ட விலையை அவர் குறைத்துத் தர முடியாது.

வெள்ளிக்கிழமை டெமோவை எடுத்து வந்தாள். மாதக் கடைசி செவ்வாயன்று எனக்கு ஒரு போன். முதலில் டீ கொடுத்த அந்த மைத்துனர்தான். "அங்கிள், அந்த 11,800-ஐ மொத்தமா எடுத்துடறேன், ஆன் தி ரோடும் நாலாயிரம் ஆக்கிடறேன், பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க." வாங்கிவிட்டோம் என்று சொன்னேன். வருத்தப்படவில்லை, எவ்வளவுக்கு என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நல்லாப் பேசியிருக்கீங்க அங்கிள், என் தங்கச்சிக்கும் ஒண்ணு வாங்கணும், அந்த மெயிலை எனக்கு அனுப்ப முடியுமா?" என்றார். அன்று இரவே அனுப்பிவிட்டேன்.