வீடு முழுக்க ஒரே டோப் நிறம்: சென்னை வீட்டுக்குச் சரிவருமா?

பெயிண்ட் கடையில் போய் டோப் (taupe) என்று கேட்டால் "காபி கலந்த கிரேயா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. பழுப்பையும் சாம்பலையும் பிரித்தெடுக்க முடியாத நிறம் இது. கோடையில் வற்றிய ஏரியின் வெடித்த வண்டல் மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஷேட் கார்டில் வெளிறியதிலிருந்து அடர்த்தியானது வரை ஒரே பட்டையில் அடுக்கியிருப்பார்கள். இங்கே பேசுவது அந்தப் பட்டையின் நடுவில் இருக்கும் டோப்பைப் பற்றி. அதன் எல்ஆர்வி, அதாவது விழுந்த வெளிச்சத்தில் சுவர் திருப்பித் தருவது, சுமார் 35 முதல் 45 சதவீதம். நல்ல வெள்ளைச் சுவருக்கு இது 80-ஐத் தாண்டும்.

ஹால், படுக்கையறை, நடை என்று வீடு முழுக்க இந்த ஒன்றையே அடிக்கலாமா? முதல் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள, சுவர் காய்ந்திருக்கும் ஃபிளாட் என்றால் தாராளமாக அடிக்கலாம். தரைத்தளத்தில் ஓதம் ஏறும் சுவர் இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை இந்த நிறத்தில் கை வைக்க வேண்டாம். மற்றதைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுத் தரையும் டியூப் லைட்டும்தான். ஷேட் கார்டை நம்பி முடிவெடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

தரை ஏன் முக்கியம்? டோப்புக்குள் எப்போதும் இன்னொரு நிறம் ஒளிந்திருக்கும். சிலவற்றில் ரோஜா கலந்த ஊதா, சிலவற்றில் பச்சை, சிலவற்றில் மஞ்சள். கார்டில் இரண்டு விரல் அகலத் துண்டில் அது தெரியாது, 12 அடிச் சுவரில் உடனே தெரியும். சென்னை ஃபிளாட்டுகளில் அதிகம் காணும் தரை ஐவரி நிற விட்ரிஃபைடு டைல். அதில் லேசான மஞ்சள் இருக்கும். அதன் பக்கத்தில் ரோஜாச் சாயல் உள்ள டோப்பை அடித்தால் டைல் அழுக்குப் பிடித்ததுபோலத் தெரியும், சுவரோ ஊதாவாகத் தெரியும். இந்தத் தரைக்கு மஞ்சள் சாயல் உள்ளதையே எடுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருந்தால் கதையே வேறு. சிவப்பை ஒட்டிப் பார்க்கும்போது கண் மற்ற நிறத்தில் பச்சையைக் கூட்டிக்காட்டும். அங்கே பச்சைச் சாயல் உள்ள டோப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும், ரோஜாச் சாயல் உள்ளது அழகாக உட்காரும். தேக்கு நிலைக்கதவுக்கும் இதே சோதனை தேவை. தேக்கின் ஆரஞ்சு, சாம்பல் தூக்கலான டோப்பை நீலமாக்கிக் காட்டும்.

சோதிக்க ஒரு சாம்பிள் பேக் போதும். நேராகச் சுவரில் அடிக்காதீர்கள். பழைய நிறம் சுற்றி இருந்தால் கண் ஏமாறும். பாதி சார்ட் பேப்பர் அளவுள்ள தடித்த வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, டைல்மேல் நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை 7 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணி, இரவு டியூப் லைட் என்று நான்கு வேளையும் ஒவ்வொரு அறையிலும் பார்க்க வேண்டும். வீடு முழுக்க ஒரே நிறம் என்பதால் ஹாலில் மட்டும் பார்த்து முடிவெடுப்பது பலனில்லை.

வெளிநாட்டு டிசைன் வீடியோக்களில் "வடக்கு ஜன்னல் வெளிச்சம் குளிர்ச்சியானது, அங்கே டோப் மங்கிவிடும்" என்பார்கள். சென்னைக்கு அது முழுதாகப் பொருந்தாது. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த நான்கு மாதம் வடக்கு அறையும் நன்றாக வெளிச்சமாகத்தான் இருக்கும். உண்மையில் மங்குவது, பக்கத்துக் கட்டடம் நான்கடியில் நிற்கும் அறையும், டக்ட்டுக்குள், அதாவது குழாய்கள் போகும் குறுகிய திறப்புக்குள், திறக்கும் ஜன்னல் உள்ள அறையும்.

இனி டியூப் லைட். பெரும்பாலான வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடிதான் மாட்டியிருக்கிறது. கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும், குறையக் குறைய மஞ்சளாகும். 6500-இன் நீலம் டோப்பிலுள்ள பழுப்பைத் தின்றுவிட்டுச் சாம்பலை மட்டும் மிச்சம் வைக்கும். இரவில் ஹால் ஆஸ்பத்திரி நடை மாதிரி இருக்கிறது என்ற புகாருக்கு முக்கால்வாசிக் காரணம் பெயிண்ட் இல்லை, இந்த லைட்தான். 4000 கெல்வினுக்கு மாற்றினால் நிறம் கார்டில் பார்த்தபடி நிற்கும். 3000-க்குப் போனால் காபி பக்கம் சாயும். படுக்கையறைக்கு அது நன்றாக இருக்கும், சமையலறைக்கு வேண்டாம். லைட் பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், 90 என்று இருந்தால் அதையே வாங்குங்கள். வெள்ளைச் சுவர் திருப்பித் தந்த வெளிச்சத்தில் பாதியைத்தான் டோப் தரும் என்பதால், ஒரே ஒரு டியூபில் ஓடிய அறைக்கு இன்னொன்று தேவைப்படும். இந்தச் செலவைப் பெயிண்ட் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். உள்சுவர் நிறத்தால் வீடு சூடாகுமோ என்ற பயம் மட்டும் தேவையில்லை. வெப்பம் மொட்டை மாடியிலிருந்தும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தும் வருகிறது, அங்கேதான் நிறம் வேலை செய்யும்.

நிறத்தின் பலம் உழைப்பில் இருக்கிறது. டோப்பைப் பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு சாயங்களில்தான் கலக்குகிறார்கள். இவை வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் எளிதில் வெளுக்காதவை. மூடும் சக்தியும் அதிகம். பழைய கிளிப்பச்சையோ மஞ்சளோ இருந்தாலும் ஒரு கோட் பிரைமருக்குமேல் இரண்டு கோட் அநேகமாகப் போதும். பூஜை அறையில் விளக்குப் புகை படியும் சுவரையும், ஸ்விட்ச் பக்கம் கை படும் இடத்தையும் இது கிரீம் நிறத்தைவிட நன்றாகத் தாங்கும்.

அளவுக்கு வருவோம். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 400. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 130 சதுர அடி என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 6 லிட்டர் சொச்சம். டப்பாவில் இதைவிட அதிகம் போட்டிருந்தால் அது வழுவழுப்பான சுவருக்கான கணக்கு. இரண்டு படுக்கையறை வீட்டில் சுவர் மட்டும் 2,000 சதுர அடி வந்தால் 31 லிட்டர். ஒரு 20, ஒரு 10, ஒரு 1 என்று ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேட்ச் எண் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். பெரிய டிரம்மில் எல்லாவற்றையும் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டு, திரும்பப் பிரித்து ஊற்றச் சொல்லுங்கள். டோப்பில் சாயம் சொட்டுச் சொட்டாகச் சேர்வதால் 1 லிட்டர் டப்பாவில் ஒரு சொட்டு கூடினாலும் ஊதா எட்டிப்பார்க்கும்.

அடிக்கும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தண்ணீர். வாளிக்கு வாளி கண்ணளவில் ஊற்றினால் வெள்ளையில் தெரியாது, டோப்பில் சுவருக்குச் சுவர் வேறாகத் தெரியும். டப்பாவில் போட்ட விகிதத்தை ஒரு மக்கில் கோடு போட்டு அளந்து ஊற்ற வேண்டும். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர் வேண்டாம், மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். இரண்டு, ஓரம். பெயிண்டர் காலையில் எல்லாச் சுவருக்கும் பிரஷ்ஷால் ஓரம் வெட்டி வைத்துவிட்டு மதியம் ரோலர் ஓட்டினால், படத்துக்குச் சட்டம் போட்டதுபோல ஓரம் மட்டும் அடர்த்தியாக நிற்கும். ஒரு சுவருக்கு ஓரம் வெட்டி, ஈரம் காய்வதற்குள் அதே சுவரில் ரோலரை மூலைவரை ஒட்டி இழுக்க வேண்டும். மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

பட்டி பார்த்ததும் பிரைமர் அடிக்காமல் நேராக நிறம் ஏற்றினால் சுவர் ஆங்காங்கே உறிஞ்சி மேகம் மேகமாகக் காட்டும். உப்புத்தாள் போட்டு முடித்தபின் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழலாக விழும்.

ஓதம் பற்றி ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னோம் என்றால், சுவரில் பூக்கும் உப்பு வெள்ளை. கிரீம் சுவரில் அது பல மாதம் மறைந்திருக்கும், டோப்பில் ஒரு வாரத்தில் ஸ்கர்ட்டிங்குக்கு மேல் வெள்ளைக் கோடாகத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் அவசர அவசரமாக அடிப்பதிலும், பொங்கலுக்கு முன்னால் மழை ஈரம் காயாத சுவரில் அடிப்பதிலும் இதே ஆபத்து. பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும்.

பெயிண்ட் பூச்சு வகையில் பளபளப்பே இல்லாத மேட் பார்க்கச் செழுமையாக இருக்கும், ஆனால் நகம் பட்டால் வெள்ளைக் கீறல், துடைத்த இடத்தில் பளபளப்பு. குழந்தைகள் உள்ள வீட்டில் நடைக்கும் ஹாலுக்கும் லேசான பளபளப்புள்ள ஸாஃப்ட் ஷீன் எடுங்கள். படுக்கையறையில் மேட் போதும். நிறம் ஒன்றே என்றாலும் பளபளப்பு கூடிய சுவர் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும், ஆகவே இரண்டும் ஒரே சுவரில் சந்திக்க வேண்டாம். சீலிங் வெள்ளையாகவே இருக்கட்டும்.

மிஞ்சும் அரை லிட்டரைச் சின்ன டப்பாவில் விளிம்புவரை நிரப்பி மூடி வையுங்கள். டப்பாவுக்குள் காற்று தங்கினால் பெயிண்டின் மேல் ஆடை கட்டும். டச்சப் செய்ய நேர்ந்தால் பிரஷ்ஷால் ஒற்றாதீர்கள், இந்த நிறத்தில் அது திட்டாக நிற்கும். அடித்தபோது பயன்படுத்திய அதே வகை ரோலரில், ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் ஓட்டுங்கள். டப்பா மூடியில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில் ஷேட் கோடு, பேஸ் (சாயம் சேர்க்குமுன் உள்ள அடிப்படைப் பெயிண்ட்), சாய அளவு எல்லாம் இருக்கும். அதை உரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.