நீட் பயிற்சியா, நர்சிங்கா, மருத்துவமனைப் பயிற்சியா, ஒன்பதாம் வகுப்பிலேயே வழிகாட்டலா: கொங்கு வட்டாரத்துக்கான ஓர் ஒப்பீடு

மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும், நன்றாகப் படித்த ஏழைப் பிள்ளையை மருத்துவத் துறைக்கு அனுப்ப என்ன வழி என்ற பேச்சு கொங்கு வட்டாரத்துச் சிற்றூர்களில் எழுகிறது. முன்னாள் மாணவர் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, கோயில் அறக்கட்டளை, பனியன் கம்பெனி நடத்துபவர் என உதவ முன்வருவோருக்கு இங்கே குறைவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி நீட் பயிற்சி மையத்தின் கட்டணமாகவே போய்ச் சேருகிறது. அதே தொகையைச் செலவிட இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் முதல் வழியையே இயல்பானதாக எடுத்துக்கொள்வதால், அருந்ததியர் குடியிருப்புகளிலும் விசைத்தறிக் கூலி வீடுகளிலும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் பர்கூர், தாளவாடி மலையூர்களிலும் உள்ள பிள்ளைகளுக்கு உதவி சென்று சேர்வதே இல்லை என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்கு எனக்குத் தேவைப்படும் அளவுகோல்கள் மூன்று. எத்தனை பிள்ளைகளுக்கு அது எட்டும். படிப்பு முடியும்வரை அந்தக் குடும்பம் எத்தனை காலம் ஒரு கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். நடுவழியில் தடங்கல் வந்தால் கையில் என்ன மிஞ்சும். இரண்டாவது கேள்வி இந்த வட்டாரத்தில் மிக முக்கியமானது. திருப்பூரில் சனிக்கிழமை தோறும் சம்பளம் கைக்கு வருகிறது. பல்லடம், அவிநாசி, தாராபுரம் பக்கத்து நூற்பாலைகள் பத்தாவது முடித்த பெண்ணையே வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. மருத்துவக் கல்விக்கான எந்த வழியும் முதலில் அந்த வாரச் சம்பளத்தோடுதான் போட்டியிட வேண்டியிருக்கிறது.

நீட் வழியின் பலம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் அடிப்படையில் சேர்க்கை நடக்கத் தொடங்கியபின், அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் பத்து விழுக்காடு பரிந்துரைத்தது. 2020இல் வந்த சட்டம் அதை 7.5 விழுக்காடாக நிர்ணயித்தது, அந்த ஆண்டே 300க்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தனர். இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1966இலும் சேலம் கல்லூரி தொடங்கிய 1986இலும் இல்லாத வசதி இன்று உண்டு. பெருந்துறையிலும் கரூரிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல், திருப்பூர், நீலகிரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளிலும் வீட்டுக்கு ஓரளவு அருகிலேயே படிக்க முடிகிறது.

ஆனால் இந்த ஒதுக்கீட்டைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தறி நன்றாக ஓடிய வருடத்தில் பிள்ளையைக் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்து, தறி நின்ற வருடத்தில் மீண்டும் அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்த தகப்பனார், அந்த ஓர் ஆண்டு என்ன விலை கேட்கும் என்பதை அறிந்திருக்கமாட்டார். பிளஸ் டூ முடிந்தபின் நாம் கட்டும் பயிற்சிக் கட்டணத்தால் இதைச் சரிசெய்யவும் முடியாது.

தேர்வோ மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு என்ற அமைப்பு. வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது என்றாலும், சந்தையில் உள்ள பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஒரே முயற்சியில் வெல்பவர்கள் குறைவு என்பதால் ஓராண்டு வீட்டிலோ விடுதியிலோ இருந்து மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சத்தியமங்கலம் வந்து தினமும் பயிற்சிக்குப் போய்த் திரும்ப இயலாது. விடுதிச் செலவும் சேரும். அந்த ஆண்டும் கைகொடுக்கவில்லை என்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நீட்டில் தகுதி மட்டும் பெற்றவர்கள் சித்த மருத்துவம், ஓமியோபதி போன்ற படிப்புகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அங்கும் 7.5 விழுக்காடு உண்டு என்பதும் பல பள்ளிகளில் சொல்லித் தரப்படுவதில்லை. இதைச் சொல்ல ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இரண்டாவது வழி பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ஆய்வக நுட்பம், கதிரியக்கவியல் ஆகிய படிப்புகள். தமிழ்நாட்டில் இவற்றுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடந்துவந்திருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள், செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள், துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டுகள். பட்டயம் முடித்தவர் வேலை பார்த்துச் சேமித்து, பிறகு இரண்டு ஆண்டுகளில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்கலாம், அதற்கு மேல் எம்.எஸ்சி. செல்லலாம். எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும் என்பதே இதன் தனிச் சிறப்பு. மூன்றாவது அளவுகோலில் இதற்கு இணையான வழி வேறில்லை. பண உதவிக்கும் ஆதாரங்கள் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில்தான் தொடங்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

குறைகளையும் மறைக்கக் கூடாது. தனியார் மருத்துவமனைகளில் புதிய செவிலியரின் சம்பளம் பனியன் கம்பெனியில் நல்ல டெய்லர் வாங்கும் கூலியைத் தாண்டுவதற்கே சில ஆண்டுகள் ஆகலாம். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வானவர்களும் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் பலகை வைத்து ஓராண்டு நர்சிங் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள். அங்கே படித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவுசெய்ய இயலாது; பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியரே அல்லர். எங்கள் பகுதியில் ஒரு தாய் தாலிக்கொடியை அடகுவைத்துக் கட்டிய பணம் அப்படியொரு இடத்தில் போயிற்று. சேருவதற்கு முன் கல்லூரியின் பெயர் குழுமத்தின் பட்டியலிலும், பட்டப்படிப்பென்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல விவரமறிந்த ஒருவர் போதும்.

“நர்ஸ் வேலைன்னா ராத்திரி டியூட்டி இருக்குமுங்களே” என்று தாய்மார் கேட்பதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அது அறியாமையில் எழும் கேள்வி அன்று. விடுதி எங்கே, வண்டி யார் அனுப்புவார்கள், உடன் யார் இருப்பார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அதே சமூகத்திலிருந்து படித்து வேலை பார்க்கும் ஒரு செவிலியர் நேரில் வந்து பதில் சொன்னால் பேச்சு வேறு திசையில் போகும்.

மூன்றாவது, மருத்துவமனைகளே உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் வழி. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கோயம்புத்தூரிலும் கிளை உண்டு. கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்றுவித்துக் கண் பரிசோதனைக்கும் அறுவை அரங்கத்துக்கும் அமர்த்துவது அதன் முறை. மலைப் பகுதிகளில் இதைவிட ஆழமான எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி, லலிதா இணையர் 1993இல் தொடங்கிய பழங்குடி நலப் பணியும், நீலகிரியின் கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையும், அந்தந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் வளர்த்தெடுத்தன. நோயாளியின் மொழியைப் பேசுபவர், அவருடைய தயக்கத்தின் காரணத்தையும் அறிந்தவர், வார்டில் நிற்கும்போது சிகிச்சையே மாறுகிறது.

குடும்பம் கூலியின்றி இருக்க வேண்டிய காலம் என்ற அளவுகோலில் இந்த வழிக்கே முதலிடம், ஏனெனில் பயிற்சிக் காலத்திலேயே வருமானம் வருகிறது. எட்டும் பிள்ளைகளின் எண்ணிக்கையிலும், வேறிடத்துக்கு மாறும் வசதியிலும் இது பின்தங்குகிறது. ஒரு நிறுவனத்தின் தேவைக்கேற்பத் தரப்படும் பயிற்சியைக் கொண்டு இன்னொரு மருத்துவமனையிலோ அரசுப் பணியிலோ அதே நிலையில் சேர முடியாமல் போகலாம். ஆகவே இந்த வழியில் போகும் பிள்ளைக்கு உதவ நினைப்பவர்கள், பணிக்கிடையே அஞ்சல்வழிப் பட்டமோ பிற்பாடு செவிலியர் பட்டயமோ படிக்க உதவுவதாக முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

நான்காவது வழியில் செலவு மிகக் குறைவு, கவனம் செலுத்துவோரும் மிகக் குறைவு: ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலேயே தொடங்குவது. மேலே சொன்ன மூன்று வழிகளில் கல்லூரிப் படிப்பு வழிகள் இரண்டுக்கும் பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவே நுழைவாயில். இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாதவருக்கு நீட் இல்லை, பி.எஸ்சி. நர்சிங்கும் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பிரிவு தரப்படுகிறது. மலையூர்ப் பள்ளிகள் பல பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், கீழே எந்தப் பள்ளியில் உயிரியல் பிரிவும் விடுதியும் சேர்ந்து இருக்கின்றன என்று தேடித் தர ஆள் தேவை. ஜூன் மாதத்தில் ஒரு மேசைக்கு முன்னால் சில நிமிடங்களில் முடியும் அந்தத் தேர்வு, பிள்ளையின் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது. நம் உதவியோ இரண்டு ஆண்டுகள் கழித்து வந்து நிற்கிறது.

என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு காட்சி. அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சிலர் நிற்கிறார்கள். ஆய்வக நுட்பநர் இரத்தக் குழாய்களை அடுக்கிக் காட்டுகிறார்: ஊதா மூடி இரத்த அணுக்களை எண்ணுவதற்கு, சாம்பல் மூடி சர்க்கரைக்கு, இளநீல மூடி இரத்தம் உறையும் நேரத்துக்கு. இரத்தம் எடுத்தபின் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து முடிவு பொய்த்துவிடும் என்கிறார். பத்தாம் வகுப்பு அறிவியலில் வரப்போகும் இரத்த ஓட்டப் பாடம் அந்தப் பிள்ளைகளுக்கு இனி வேறொன்றாகத் தெரியும். டாக்டர், நர்ஸ் என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருந்த மருத்துவமனையில் மருந்தாளுநர், எக்ஸ்ரே நுட்பநர், டயாலிசிஸ் நுட்பநர், பிசியோதெரபிஸ்ட், 108 ஊர்தியின் மருத்துவ உதவியாளர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் மதிய உணவும்தான். நான் முதல்வன் திட்டத்தில் அரசு தரும் வழிகாட்டலை இது இன்னும் ஆழமாக்கும்.

இதே வயதில்தான் சான்றிதழ்களையும் சரிபார்க்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றில் பெயரின் எழுத்துகள் பள்ளிப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு மாலை நேரம் போதும். 2009இல் வந்த மூன்று விழுக்காடு அருந்ததியர் உள்ஒதுக்கீடு சரியான சான்று இருந்தால்தான் பயன்படும். பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் வழங்க வேண்டும், விசாரணை முடியக் காலம் பிடிக்கும். இதில் பர்கூர் மலையில் வாழும் மலையாளி என்னும் சமூகத்தவரின் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) நிலை வேதனை தருவது. கொல்லிமலை மலையாளிகள் பழங்குடியினர். பழைய மாவட்ட எல்லைகளைக் கொண்டு எழுதப்பட்ட பட்டியலில் இந்தப் பக்கம் இடம்பெறாததால், ஈரோடு மாவட்ட மலையாளிகள் நெடுங்காலமாக அதே சான்றுக்குப் போராடிவருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டை நம்பித் திட்டமிட வழியில்லை, மதிப்பெண்ணைக் கூட்டும் உதவியே முதலில் வேண்டும்.

என்னிடம் ஓர் ஊர்ச் சங்கத்தின் பணத்தைக் கொடுத்தால் சரிபாதியை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஒதுக்குவேன்: அறிவியல், கணிதத்துக்கு மாலை வகுப்பு, மருத்துவமனைப் பார்வை, பாடப்பிரிவுத் தேர்வின்போது கூட வரும் ஓர் ஆள். மீதியில் பெரும்பங்கு நர்சிங், ஆய்வக நுட்பம் முதலான படிப்புகளில் சேர்ந்தவர்களின் முதலாண்டுச் செலவுக்கும் ஆங்கிலப் பயிற்சிக்கும் போகும். முதலாண்டில் ஆங்கிலத்தில் நடக்கும் உடற்கூறியல் வகுப்பைக் கண்டு மிரண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. எஞ்சியதை நீட் மறுமுயற்சிக்குத் தருவேன். முதல் முயற்சியின் மதிப்பெண், 7.5 விழுக்காட்டுக்கான தகுதி, முந்தைய ஆண்டில் அந்தப் பிரிவின் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது ஆகிய மூன்றையும் பார்த்து, எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும், அதுவும் ஒரே ஆண்டுக்கு. அந்த ஆண்டிலேயே நர்சிங் கலந்தாய்வுக்கும் அவர் விண்ணப்பித்தாக வேண்டும்.