சுருதி சேராத கிடாரா, மூச்சுவிடாத டிரம்ஸா?

செபுல்ச்சுராவின் ‘மார்பிட் விஷன்ஸ்’ (1986) பெரிசா, சார்கோஃபாகோவின் ‘ஐ.என்.ஆர்.ஐ.’ (1987) பெரிசா? ராக் இசையிலேயே மிக வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட எக்ஸ்ட்ரீம் மெட்டல் கேட்கிறவர்களிடம் ஓயாத பங்காளிச் சண்டை இது. பங்காளிகள் என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு பேண்டும் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரத்தில் முளைத்தவை. இரண்டு ஆல்பத்தையும் வெளியிட்டது அதே ஊரில் ரெக்கார்டுக் கடையாகத் தொடங்கிய கொகுமெலோ என்ற லேபிள். சார்கோஃபாகோவின் பாடகர் வாக்னரே செபுல்ச்சுராவிலிருந்து பிரிந்து போனவர்தான்.

‘மார்பிட் விஷன்ஸ்’ பற்றிய முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: கிடார் சுருதி சேரவில்லை. பொய்யில்லை, பேண்டே ஒப்புக்கொண்ட விஷயம். ஆல்பம் வந்தபோது பாடி கிடார் வாசித்த மேக்ஸ் கவலேராவுக்கு 17 வயது, டிரம்ஸ் வாசித்த தம்பி இகோருக்கு 16. ட்யூன் செய்யும் பழக்கமே வராத வயசு. முதல் தடவை கேட்டபோது என் ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்து, ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்த்தேன்.

ஆனால் ‘ட்ரூப்ஸ் ஆஃப் டூம்’ பாட்டு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஆல்பம் முழுக்கத் தலைதெறிக்க ஓடியவர்கள் இங்கே வேகத்தைக் குறைத்து ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, நிதானமாக மிதிக்கிறார்கள். சுருதி பிசகியதாலேயே ரிஃபில் ஒரு துருப்பிடித்த அழுக்கு ஏறியிருக்கிறது. இந்த ஆல்பத்தைத் திட்டுகிறவர்கள்கூட இந்தப் பாட்டை விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற பாட்டுகள் அப்படியில்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியதுகூடத் தெரியாமல் போகிறது.

‘ஐ.என்.ஆர்.ஐ.’ வேறு ரகம். சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். செபுல்ச்சுரா அம்மாவைத் தொலைத்தது என்றால், இவர்கள் அப்பாவைப் பேய் பிடிக்க விட்டுவிட்டார்கள். டி.டி. கிரேஸி என்ற பெயரில் டிரம்ஸ் வாசித்தவரின் பிளாஸ்ட் பீட்டை, அந்த மூச்சுவிடாத அதிவேக அடியை, 1987இல் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்னேர் டிரம்மின் சத்தம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, சில இடங்களில் கிடாரை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடுகிறது. ‘கட்டுப்பாடே இல்லை’ என்று ஒரு கூட்டம் இதைக் குறை சொல்கிறது, இன்னொரு கூட்டம் அதையேதான் கொண்டாடுகிறது. நான் இரண்டாவது கூட்டம்.

அட்டைப்படத்தையும் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர், முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பூச்சு, கையில் ஆணிப்பட்டை, இடுப்பில் தோட்டா பெல்ட். சில வருஷம் கழித்து நார்வேயில் பிளாக் மெட்டல் என்ற எக்ஸ்ட்ரீம் மெட்டல் வகையை வாசித்த பையன்கள் போட்டுக்கொண்ட வேஷம் ஏறக்குறைய இதேதான். அவர்களே இந்த ஆல்பத்தை முன்னோடியாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு வரிகள்? இரண்டு பேண்டிலும் சாத்தான், சவம், சாபம். விடலைப் பையன்களின் அரைகுறை இங்கிலீஷ். அதில் மெனக்கெட ஒன்றுமில்லை.

‘மார்பிட் விஷன்ஸ் நல்லாப் பதிவு பண்ணியிருந்தா எங்கயோ போயிருக்கும்’ என்பது சிலருடைய நெடுநாள் வாதம். அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய கவலேரா சகோதரர்கள் 2023இல் ஆல்பம் முழுவதையும் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். கிடார் சுருதியில் நிற்கிறது, டிரம்ஸ் இடி மாதிரி விழுகிறது, முன்பு சேறாக இருந்த ரிஃபுகள் தனித்தனியாகக் கேட்கின்றன. இவ்வளவு நல்ல ரிஃபுகளா இதில் இருந்தன என்று நானே அசந்துபோனேன். ஆனாலும் ரெண்டு தடவைக்கு மேல் அதைப் போடத் தோன்றவில்லை. அடுத்த அடி சரியாக விழுமா விழாதா என்ற அந்தப் பதைப்பு புதியதில் இல்லை.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் எனக்கு ‘ஐ.என்.ஆர்.ஐ.’தான். அரை மணி நேரம்கூட ஓடாது, முடிந்ததும் திரும்பப் போடச் சொல்லும். ‘மார்பிட் விஷன்ஸ்’ஸில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் அந்தப் பாட்டில் தொடங்கி சார்கோஃபாகோவுக்கு வரலாம், 2023 பதிவு அதற்கப்புறம் போதும். ஒரு விஷயம்: ‘மார்பிட் விஷன்ஸ்’ஸின் பழைய எல்.பி. இசைத்தட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் ‘ஓ ஃபோர்ச்சுனா’ கோரஸோடு தொடங்கும். பிற்கால மறுபதிப்புகளில் அதை வெட்டிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கோரஸ் முடிந்ததும் அந்தச் சுருதி கெட்ட கிடார் நுழைகிற தமாஷ், பழைய பதிப்பு கையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.