லேபிள் இல்லாத கவரில் தரும் ‘பட்டர்’ வாங்காதீர்கள்

வீட்டில் பிஸ்கட் சுடுகிறவர்கள், அதிலும் தீபாவளி ஆர்டர் எடுக்கிறவர்கள், வெண்ணெய் வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மதுரையில் பேக்கரி சாமான் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் உப்பில்லாத பட்டர் கேட்டேன். உள்ளே போய் ஒரு பெரிய கட்டியிலிருந்து வெட்டி, வெறும் வெள்ளைக் கவரில் ஒரு கிலோ போட்டுக் கொடுத்தார்கள். “பேக்கரிக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க மேடம்” என்றார் கடைக்காரர். விலையும் ஆவின் வெண்ணெயைவிடக் கொஞ்சம்தான் குறைவு, சந்தேகப்பட ஒன்றுமில்லை.

நன்கட்டாய் பார்க்க அழகாகவே வந்தது, துளிகூடப் பரவவில்லை. ஆனால் வாயில் போட்டதும் கரைய வேண்டியது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. மிச்சக் கட்டியைப் பார்த்தால், கரண்ட் போன மத்தியானத்தில் மேடையில் கிடந்தும் விளிம்புகூட மழுங்கவில்லை. மதுரை வெயிலில் எந்த வெண்ணெய் அப்படி நிற்கும்?

சரி என்று ஒரு துண்டை வாணலியில் போட்டுக் காய்ச்சினேன். வெண்ணெய் என்றால் சடசடவென்று பொரிந்து நுரை கட்டி, அடங்கும்போது அடியில் பழுப்பாகக் கசடு நின்று, தெருவுக்கே நெய் மணக்கும், கைப்பிடி முருங்கைக்கீரை போடலாமா என்று தோன்றும். இது கொஞ்சம் பொரிந்ததோடு சரி. கசடு இல்லை, மணம் இல்லை, வாணலி நிறைய மஞ்சள் எண்ணெய்தான். மார்ஜரின்! தாவர எண்ணெயைக் கெட்டியாக்கி வெண்ணெய் மாதிரி செய்கிற கொழுப்பு.

திரும்பக் கொண்டுபோனால், “எங்க லைன்ல பட்டர்னா இதாங்க” என்கிறார். கேட்டு வாங்கிய துண்டுச் சீட்டிலும் ‘பட்டர் 1 கிலோ’ என்றுதான் இருக்கிறது. கல்லாவுக்கு மேலே ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ போர்டு. அந்தப் போர்டைப் பார்த்துப் பேசாமல் வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மார்ஜரின் விஷம் என்று சொல்ல வரவில்லை. 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, எத்தனையோ பேக்கரி பிஸ்கட் அதில்தான் சுடப்படுகிறது. அதை அதன் பெயர் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும். வெண்ணெய் காசுக்கு ஏன்? பாக்கெட்டாக வாங்கினால் பின்பக்கம் பாருங்கள். வெண்ணெயில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பு என்று ஒரு வரி இருந்தாலே அது வெண்ணெய் இல்லை. சாக்லேட் சிப்ஸிலும் இதே கூத்து, கோகோ பட்டர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பலதும் அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்டு’தான்.

அப்புறம், அதே கடையில் வாங்கிய ஓடிஜி, அதாவது பேக்கிங் செய்கிற சின்ன மின்சார அடுப்பு. திருகை 160 டிகிரியில் வைத்தால் உள்ளே 200 தாண்டுகிறது, அடி கருகி மேலே வெளுத்துக் கிடக்கிறது. கம்பித் தட்டில் வைக்கிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், அடுப்பு வீட்டுக்கு வந்த அன்றைக்கே காலியாகச் சூடாக்கி அதை வைத்துப் பார்த்துவிடுங்கள், பில் கையில் இருக்கும்போதே.