சிக்னலில் நின்றதும் அணையும் பழைய மாருதி 800

மாருதி 800-ஐப் பத்து, பதினைந்து வருடம் விடாமல் ஓட்டினால் அதன் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆயிலை ஒழுங்காக மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் இன்ஜின் லேசில் விட்டுக்கொடுக்காது. தகரம் துருப்பிடிக்கும், சஸ்பென்ஷன் புஷ் தேயும். அவையெல்லாம் முன்கூட்டியே சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வரும். சொல்லாமல் வந்து நடுரோட்டில் வேர்க்க வைக்கும் புகார் ஒன்று உண்டு: அறுபதில் அருமையாகப் போகிறது, சிக்னலில் பிரேக் பிடித்து நிறுத்தினால் ஆஃப் ஆகிறது.

இதற்குப் பட்டறைகளில் பெரும்பாலும் கிடைக்கும் வைத்தியம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிடுவது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜின் தானாக ஓடும் நிலைதான் ஐடில்; அந்த வேகத்தை வைக்கும் திருகு இது. இரண்டு வாரம் வண்டி அணையாமல் இருக்கும். பிறகு பழையபடி அணையும், மறுபடி ஏற்றுவார்கள். இது நோயை மூடி வைக்கும் வேலை. ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றினால் த்ராட்டில் தகடு கொஞ்சம் திறந்தே நிற்கும். ஐடிலுக்கான துவாரத்தை விட்டு அடுத்த துவாரங்களிலிருந்து பெட்ரோல் வர ஆரம்பிக்கும். அதன்பின் ஐடிலின் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜின் கண்டுகொள்ளாது. பெட்ரோலும் கூடச் செலவாகும். மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு மதிப்பில்லாத 800-ஐப் பார்த்தால், யாரோ ஏற்கெனவே ஸ்லோவை ஏற்றி வைத்திருக்கிறார் என்றோ, ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்றோ புரிந்துகொள்ளலாம்.

எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் யோசிக்க வேண்டியது இதுதான். வண்டியை நிறுத்தும்போது கால் மூன்று வேலை செய்கிறது: ஆக்சிலரேட்டரை விடுகிறது, பிரேக்கை அழுத்துகிறது, கிளட்சை அழுத்துகிறது. மூன்றும் ஒரே சில நொடிகளில் நடப்பதால் எது இன்ஜினை அணைத்தது என்று தெரிவதில்லை. நின்ற இடத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வரவேண்டும். சமதளத்தில் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு நிறுத்தி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். ஐந்தாறு முறை. அப்போதே அணைந்தாலோ, அணையப் போய்த் தப்பித்தாலோ கோளாறு ஐடில் பகுதியில்: ஸ்லோ ஜெட், சோலினாய்டு, ஏர் லீக், இக்னிஷன். அணையவில்லையென்றால், ஐடிலில் விட்டபடியே பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். அடுத்து பிரேக்கை விட்டுவிட்டு கிளட்ச் மட்டும். இந்த வண்டியில் டேகோமீட்டர் கிடையாது, ஆனாலும் மூன்று சிலிண்டர் இன்ஜினின் சத்தத்தில் ஐம்பது ஆர்.பி.எம். இறங்கினாலும் காதுக்குத் தெரியும். சரியான ஐடில் சுமார் 900.

பிரேக்கை அழுத்தும்போது மட்டும் இறங்கினால்

பிரேக் மிதிக்க இன்ஜினின் உறிஞ்சலால் உதவும் பூஸ்டர் உள்ள மாடல்களில் முதல் சந்தேகம் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம்மேல். சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்கு ஒரு தடித்த ஹோஸ் போகிறது. டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெடலை அழுத்தும்போது வெளிக்காற்று நேராக மேனிஃபோல்டுக்குள் போய்ப் பெட்ரோல்-காற்றுக் கலவையை நீர்க்கச் செய்துவிடும். பெடல் அருகே 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் தொடர்ந்து கேட்கும். அழுத்திய நொடியில் லேசான மூச்சுச் சத்தம் வந்து அடங்குவது இயல்பு. பிடித்திருக்கும் நேரமெல்லாம் கேட்டால்தான் கோளாறு.

உறுதி செய்ய, இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்து இறுக வையுங்கள். மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டரோ, ஹோஸில் உள்ள ஒருவழி வால்வோ, ஹோஸோ வேலை செய்யவில்லை. இன்னொரு வழி, அந்த ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பிடித்து மறுபடி பிரேக்கை அழுத்துவது. ஐடில் இறங்காமல் நின்றால் குற்றவாளி பூஸ்டர்தான். இந்தச் சோதனை நிற்கும் வண்டியில் மட்டும். ஹோஸை அடைத்துவிட்டு ரோட்டில் எடுத்தால் பெடல் கல் மாதிரி இருக்கும்.

ஹோஸை நசுக்கியும் இறங்குகிறதா? பிரேக் மிதித்தால் பின்விளக்குகளும் எரிகின்றன என்பதை மறக்கவேண்டாம். 21 வாட் பல்பு இரண்டு. நல்ல வண்டிக்கு அது ஒரு சுமையே இல்லை. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் ஒயர் பச்சை பூத்துப்போன வண்டிக்கு அதுவே அதிகம். ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே மாதிரி இறங்கினால் விஷயம் கரன்ட் பக்கம். ஐடிலில் பேட்டரி முனையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் வரவேண்டும். எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் போடுவது பத்து நிமிட வேலை.

கிளட்சை அழுத்தும்போது மட்டும் இறங்குவது அரிது. கிராங்க் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்த இன்ஜினில், கிளட்ச் அழுத்தம் கிராங்கையே முன்னால் தள்ளி உரச வைக்கும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் கிராங்க் புல்லியைப் பார்த்தால் அது முன்னும் பின்னும் போய்வருவது கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் ட்யூனிங் பேச்சை விட்டுவிட்டு இன்ஜின் வேலைக்குத் தயாராக வேண்டியதுதான்.

நின்ற இடத்தில் மூன்றுக்கும் அசையாமல், ஓட்டத்தில் சட்டென்று பிரேக் பிடித்தால் மட்டும் அணைகிறதா? கார்பரேட்டரின் ஃப்ளோட் பக்கம் பாருங்கள். பெட்ரோல் மட்டம் அதிகமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது அது அலைபாய்ந்து வழிந்து இன்ஜினை மூழ்கடிக்கும். அடையாளம்: அணைந்த உடனே ஸ்டார்ட் ஆகாது, பெட்ரோல் நாற்றம் வரும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால் கரும்புகையோடு பிடிக்கும். ஃப்ளோட் அறையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும் கார்பரேட்டரில் மட்டத்தை அதிலேயே பார்க்கலாம். நடுப்புள்ளியை ஒட்டி நிற்கவேண்டும். அதற்கு மேலே நின்றால் நீடில் வால்வு தேய்ந்திருக்கும், அல்லது அதன் முனையில் தூசி சிக்கியிருக்கும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்தால்

அதிகம் பேருக்கு வருவது இதுதான், எனவே இங்கே பொறுமை வேண்டும். ஓடும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வருகிறது. காலை எடுத்ததும் அந்த வழி நின்று, ஊசித்துளை அளவுள்ள ஸ்லோ ஜெட் ஒன்றை நம்பித்தான் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. அறுபதில் நன்றாக ஓடும் வண்டி சிக்னலில் அணைவதற்கு இதுவே காரணம்.

கருவி எதுவும் இல்லாமல் செய்யும் நல்ல சோதனை, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக். சூடான இன்ஜின் தடுமாறும்போது சோக் குமிழை அரை அங்குலம் இழுங்கள். சத்தம் சீரானால் பெட்ரோல் போதவில்லை: ஜெட் அடைப்பு, சோலினாய்டு அல்லது ஏர் லீக். இழுத்ததும் இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம்: ஃப்ளோட் மட்டம், அடைத்த ஏர் ஃபில்ட்டர், முழுக்கத் திரும்பாத சோக் கேபிள்.

பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்தால் கார்பரேட்டரைக் கழற்றும் முன் சோலினாய்டைப் பாருங்கள். கார்பரேட்டர் பக்கவாட்டில் ஒற்றை ஒயரோடு இருக்கும் சின்ன உருளை அது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று திறந்து ஸ்லோ ஜெட்டுக்குப் பெட்ரோல் விடும். சத்தம் இல்லையென்றால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கரன்ட் வந்தும் 'டிக்' இல்லையென்றால் சோலினாய்டு போய்விட்டது. கரன்ட்டே வரவில்லையென்றால் கனெக்டர் தளர்ந்திருக்கும். குலுங்கும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும் கனெக்டர்தான் ஆட்களை மாதக்கணக்கில் அலைய வைக்கும். ஐடிலில் ஒயரைக் கையால் ஆட்டிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

அடுத்தது ஏர் லீக். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கருப்பு பேக்கலைட் துண்டு ஒன்று பேக்கிங்கோடு இருக்கும். வருடக்கணக்கான சூட்டில் அது வளையும். நட்டை மேலும் மேலும் இறுக்கினால் இன்னும் வளையும். மேனிஃபோல்டு பேக்கிங், டிஸ்ட்ரிப்யூட்டர் வாக்யூம் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் பி.சி.வி. வால்வு இவையும் அதே வரிசைதான். பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். லீக் தேட, ஐடிலில் ஓடும் இன்ஜினில் இந்த இணைப்புகள்மேல் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துத் தேடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. சூடான சைலன்சர் பக்கத்தில் அது நெருப்போடு விளையாடுவது, செய்யவே கூடாது.

இவை சரியாக இருந்தால்தான் கார்பரேட்டரைப் பிரிக்க வேண்டும். ஸ்லோ ஜெட்டை கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரெசர் காற்றால் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விட்டால் துளை பெரிதாகும், பிறகு ட்யூனிங்கே வராது. பிரித்தால் பேக்கிங், நீடில் வால்வு, பம்ப் டயஃப்ரம் அடங்கிய கிட்டை முழுதாகப் போடுவது நல்லது. பழைய பேக்கிங்கை மறுபடி போட்டு, கசிவுக்காக இரண்டாம் முறை பிரிப்பது வீண் உழைப்பு. மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். இறுக்கினால் அதன் கூர்முனையில் பள்ளம் விழும்.

மாட்டிய பின், இன்ஜின் சூட்டில், மிக்ஸர் ஸ்க்ரூவை இரண்டரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி சத்தம் அதிகபட்சமாக ஏறும் இடத்தைப் பிடியுங்கள். ஏறியதும் ஸ்லோ ஸ்க்ரூவை இறக்கி 900-க்குக் கொண்டுவாருங்கள். மறுபடி மிக்ஸர். இப்படி இரண்டு, மூன்று தடவை மாறி மாறிச் செய்தால்தான் ட்யூனிங் நிற்கும். ஆனால் டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள பாயின்ட்டின் இடைவெளி, பிளக் இடைவெளி, டாப்பெட் (வால்வு இடைவெளி) மூன்றையும் இதற்கு முன்பே சரிசெய்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கார்பரேட்டரில் செய்ததெல்லாம் கலைந்துபோகும். பாயின்ட் உள்ள பழைய மாடலில் 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் 0.7 முதல் 0.8 மி.மீ. டாப்பெட் இறுகி, சூட்டில் வால்வு முழுக்க மூடாத இன்ஜின் குளிர்ச்சியில் நன்றாக ஓடி சூட்டில் அணையும்.

இப்போதைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோ தூய பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு சுமார் 13.5 கிலோ போதும். கார்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே கொடுக்கும், கலவை நீர்த்துப்போகும். ஐடிலில்தான் அது முதலில் உறைக்கும். மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை கூடத் திறந்தால் பல வண்டிகள் அணையாமல் ஓடுகின்றன. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் இளக்கும்; ஹோஸின் உட்பக்கம் உதிர்ந்து ஜெட்டை அடைத்தால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திரும்ப வரும். எத்தனாலுக்கு ஏற்ற பெட்ரோல் ஹோஸாக மாற்றி, ஃபில்ட்டரையும் புதிதாகப் போடுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஃப்ளோட் அறையின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும்.

எம்.பி.எஃப்.ஐ. 800 என்றால்

கார்பரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் மாடல் இது. இங்கே யோசனையையே திருப்பிப்போட வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் விடும் இந்த முறையில், ஏர் லீக் ஏற்பட்டால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும். ஐடில் இறங்குவதற்குப் பதில் ஏறும், அல்லது ஏறி இறங்கி ஊசலாடும். அணைகிறது என்றால் காற்று போதவில்லை என்று முதலில் எண்ணலாம். த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கருப்புக் கரி படிந்திருக்கும். இன்ஜினை அணைத்து, ஏர் ஹோஸைக் கழற்றி, த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் தகட்டின் இரு பக்கமும் துடையுங்கள். ஐடில் காற்று வால்வின் துவாரத்திலும் அதே கரி இருக்கும். வால்வைக் கழற்றினால் அதன் கூம்பு முனையைக் கையால் உள்ளே தள்ளவேண்டாம், உள்ளே பற்கள் உடையும். தகட்டைத் தாங்கும் ஸ்டாப்பர் ஸ்க்ரூ ஆலையில் வைத்தது. அதை ஸ்லோ ஸ்க்ரூ என்று நினைத்துத் திருப்பிய வண்டிகளுக்கு ஐடில் பிறகு ஒழுங்காக வருவதே இல்லை. சுத்தம் செய்தபின் ஏசி, விளக்கு எதுவும் இல்லாமல் சூடாகும்வரை ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அதன் பின்னும் அணைந்தால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படித்து, த்ராட்டில் பொசிஷன் சென்சார், வெப்பச் சென்சார், வேகச் சமிக்ஞை என்று போகலாம்.

எல்.பி.ஜி. மாட்டிய வண்டியில் எரிவாயுவில் மட்டும் அணைந்தால் பெட்ரோல் பக்கத்தைத் தொடவேண்டாம். எரிவாயுவின் அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினுக்கு விடும் ரெட்யூசரின் ஐடில் ஸ்க்ரூவையும், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்த டயஃப்ரத்தையும் பாருங்கள். ஏர் ஃபில்ட்டரின் வாய் எதிர்காற்றைப் பார்த்திருந்தாலும் வேகத்திலிருந்து காலை எடுக்கும்போது அணையும். வாயைத் திருப்பி வைத்தாலே தீரும்.

வேலை முடிந்ததும், இன்ஜின் சூட்டில் ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு காலி ரோட்டில் நாற்பதிலிருந்து கிளட்சோடு சேர்த்துப் பிரேக் பிடித்துப் பத்து முறை நிறுத்துங்கள். ஒருமுறைகூட அணையவில்லையென்றால், மிக்ஸர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதைத் தேதியோடு பானெட்டின் உள்பக்கம் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள்.